தோல்வியை ஏற்பது பொய்யாகுமா?

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் அரசியல் பயிலும் மாணவி ஒருத்தி, 2025 ஜனவரி 6ஆம் நாள் வாஷிங்டனில் நடைபெற்ற தேர்தல் வாக்கு எண்ணிக்கையைத் தொலைக்காட்சியில் கண்டபின் எனக்கு நீண்டதொரு மடல் எழுதினாள். அவளுடைய தாயார் என்னிடம் பயின்றவர். அந்த உரிமையில் மகளும் என்னை டீச்சர் என்றே அழைப்பாள். மடலில் பல செய்திகள் இருந்தன. ஆயினும் அதன் உயிர்நிலை ஒரு வினாவே. அதனை அவள் சொற்களிலேயே தருகிறேன்.

"டீச்சர், கமலா ஹாரிஸ் தம்முடைய தோல்வியைத் தாமே சபையில் நின்று அறிவித்தார். எல்லோரும் பாராட்டுகிறார்கள். எனக்கும் கண் கலங்கியது. ஆனால் ஓர் ஐயம். தேர்தல் முறையாக நடக்கவில்லை என்று மனமார நம்புகிற ஒருவர், நான் தோல்வியை ஏற்கிறேன் என்று சொன்னால் அது பொய்தானே? மனத்தில் ஒன்றும் வாயில் ஒன்றுமாகப் பேசுவது பொய் என்றுதானே நீங்கள் எங்கள் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள்?"

வாய்மையைப் பற்றி நாற்பது ஆண்டுகள் வகுப்பறையில் பேசியவளை மடக்குவதற்கு இதைவிடக் கூரிய வினா வேண்டுவதில்லை. நம் இதழின் வாசகர் பலருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்நாட்டில் வாழ்கின்றனர். சிலர் வாக்குரிமையும் பெற்றுவிட்டனர். ஆதலின் இவ்வினாவை இங்கே விரித்து நோக்குதல் பொருந்தும் எனக் கருதினேன்.

முதற்கண் அந்நாட்டு முறையைச் சுருங்கக் கூறிவிடுகிறேன். அமெரிக்க அதிபரை மக்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. மாநிலந்தோறும் இத்தனை தேர்வாளர் என வகுத்து மொத்தம் 538 வாக்குகள் உள்ளன. அவற்றுள் 270 பெற்றவர் அதிபராவார். ஏறத்தாழ எல்லா மாநிலங்களிலும், ஒரு வாக்கேனும் மிகுதியாகப் பெற்றவருக்கே அம்மாநிலத் தேர்வாளர் அனைவரும் உரியவராகின்றனர். இத்தேர்வாளர் வாக்குகளை ஜனவரித் திங்களில், செனட் சபையும் பிரதிநிதிகள் சபையும் ஒருங்கே கூடியிருக்க எண்ணி அறிவிப்பர். அக்கூட்டத்துக்குத் தலைமை ஏற்பவர் செனட் சபையின் தலைவராகிய துணை அதிபர். அந்தத் துணை அதிபரே அதிபர் தேர்தலில் நின்று தோற்றிருந்தால் என்ன செய்வது? தம் தோல்வியைத் தம் வாயாலேயே அறிவிக்க வேண்டியதுதான். ஹாரிஸ் 226, ட்ரம்ப் 312 என்று 2025இல் அவர் அறிவித்தது இம்முறைப்படியே.

ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். தோற்றவர் தம் தோல்வியை வாய்விட்டு ஒப்புக்கொள்ள வேண்டும் என்று அமெரிக்க அரசியல் சட்டத்தில் ஒரு சொல்லும் இல்லை. ஒப்பினாலும் ஒப்பாவிட்டாலும் சட்டப்படி வென்றவர் வென்றவரே. 1896ஆம் ஆண்டு வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் என்பார், தம்மை வென்ற மெக்கின்லிக்கு வாழ்த்துத் தந்தி ஒன்று அனுப்பினார். அத்தந்தியையே இவ்வழக்கத்தின் தொடக்கமாகச் சுட்டுவர். சட்டம் கட்டாயப்படுத்தாத ஒன்றை மக்கள் நூறாண்டுக்கு மேலாகச் செய்து வந்தனர் என்றால், அதற்குப் பெயர் ஒழுக்கம். ஒழுக்கத்தை ஆராயும்போதுதான் மாணவியின் வினாவுக்கு வலிமை கூடுகிறது. சட்டம் கேட்கிறது என்றால் கையெழுத்திட்டுவிட்டுப் போகலாம். ஒழுக்கம் என்னும்போது மனமும் அல்லவா உடன் வரவேண்டும்?

இதற்கு விடையாக நான் அவளுக்கு முதலில் எழுதியது அல் கோரின் வரலாறு. 2000ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் நாடு முழுதும் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் மிகுதியாகப் பெற்றார். எனினும் முடிவு புளோரிடா என்னும் ஒரே மாநிலத்தைச் சார்ந்து நின்றது. தேர்தல் இரவில், தோற்றுவிட்டதாக எண்ணி ஜார்ஜ் புஷ்ஷைத் தொலைபேசியில் அழைத்துத் தோல்வியை ஒப்பினார். பிறகு வேறுபாடு மிகச் சிறிது என்று தெரிந்ததும் மீண்டும் அழைத்து அந்த ஒப்புதலைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஐந்து வாரங்கள் மறு எண்ணிக்கையும் வழக்குமாகக் கழிந்தன. டிசம்பர் 12ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்னும் பெரும்பான்மையில் மறு எண்ணிக்கையை முடித்து வைத்தது. புளோரிடாவில் புஷ் 537 வாக்குகளில் வென்றவரானார். நம் ஊர்ப் பஞ்சாயத்துத் தேர்தலில் காணும் வேறுபாடு அது!

மறுநாள் கோர் நாட்டு மக்களிடம் பேசினார். நீதிமன்றத்தின் முடிவோடு தாம் வன்மையாக மாறுபடுவதாகவும், ஆயினும் அம்முடிவை ஏற்பதாகவும் ஒரே மூச்சில் கூறினார். இங்கேதான் மாணவி நின்று கவனிக்க வேண்டும். தீர்ப்புச் சரியானது என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதுவன்றோ பொய்? தீர்ப்புத் தவறு என்னும் தம் கருத்தை மறைக்காமல் உரைத்து, அதற்குக் கட்டுப்படுவேன் என்று உறுதி கூறினார். ஒரு கூற்றை உண்மை என்று உடன்படுதல் அறிவின் செயல். ஒரு முடிவுக்குக் கட்டுப்படுதல் விருப்பின் செயல். இரண்டாவதைச் செய்பவன் முதலாவதையும் செய்துவிட்டதாக நாம் பதிவு செய்துகொள்வதால்தான் குழப்பம் விளைகிறது. தன் விடைத்தாளைத் திருத்தியவர் தவறினார் என்று எண்ணும் மாணவி மறுகூட்டலுக்கு விண்ணப்பிக்கலாம். கூட்டல் முடிந்து அதே மதிப்பெண் வந்தபின், "எனக்கு இது சரியென்று தோன்றவில்லை" என்று வாழ்நாள் முழுதும் சொல்லிக்கொண்டிருக்கலாம். அதனால் அவள் பொய் சொன்னவள் ஆகாள். ஆனால் மதிப்பெண் பட்டியலை எடுத்துத் தானே திருத்த முற்பட்டால், அன்று முதல் அப்பள்ளியில் எவருடைய மதிப்பெண்ணுக்கும் பொருளில்லை.

கோரின் கதை அத்துடன் முடியவில்லை. 2001 ஜனவரி 6ஆம் நாள் துணை அதிபர் என்ற முறையில் அவரே எண்ணிக்கைக்குத் தலைமை வகித்தார். பிரதிநிதிகள் சபையைச் சேர்ந்த கறுப்பின உறுப்பினர் பலர் ஒருவர்பின் ஒருவராக எழுந்து புளோரிடா வாக்குகளை மறுத்துப் பேசினர். அவர்கள் பேசியது கோருக்காகவே. மறுப்பு அவைக்கு வர வேண்டுமானால் செனட் உறுப்பினர் ஒருவருடைய கையெழுத்தும் வேண்டும் என்பது அன்றைய விதி. ஒருவரும் இடவில்லை. ஆகவே தமக்காகப் பேசிய ஒவ்வொருவரையும், விதிக்கு உட்படாது என்று கூறி அமரச் செய்தவர் கோரே. எதிரியின் வாயை அடைப்பதில் பெருமையில்லை. தமக்காகக் கண்ணீரோடு வாதாட வந்தவரை அமரச் சொல்வதற்கு எத்துணை உரம் வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்கின்றேன்.

இவ்வளவையும் படித்துவிட்டு மாணவி விட்டுவிடவில்லை. அடுத்த மடலில் ஸ்டேசி ஏப்ரம்ஸைக் கொண்டுவந்து நிறுத்தினாள். 2018இல் ஜார்ஜியா மாநில ஆளுநர் தேர்தலில் சுமார் 55,000 வாக்குகளில் தோற்ற பெண்மணி அவர். அவரை வென்ற பிரையன் கெம்ப், அதே மாநிலத்தில் தேர்தலை நடத்தும் பொறுப்புடைய செயலராகவும் இருந்தவர். பந்தயத்தில் ஓடுபவரே நடுவராகவும் நின்றது போன்ற நிலை. இதில் எனக்கும் மனம் ஒப்பவில்லை. நவம்பர் 16ஆம் நாள் ஏப்ரம்ஸ் பேசினார். கெம்ப் ஆளுநராக உறுதி செய்யப்படுவார் என்பதை ஏற்றார். ஆனால் தோல்வியை ஒப்புகிறேன் என்னும் சொல்லை மட்டும் சொல்ல மறுத்தார். ஒப்புதல் என்றால் நடந்தது முறையானது என்று ஏற்பதாகும், மனச்சாட்சி உள்ள தாம் அதைச் சொல்ல இயலாது என்பது அவர் வாதம்.

மாணவிக்கு இவர்மீது மிக்க மதிப்பு. எனக்கும் மதிப்பு உண்டு, உடன்பாடு இல்லை. அச்சொல்லுக்கு அவர் கொண்ட பொருள் மிகக் குறுகியது. கட்டுப்படுகிறேன் என்னும் பொருளில் அதே சொல்லைப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே கோர் கையாண்டிருக்கிறார். ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஏப்ரம்ஸ் சொல்லைத்தான் மறுத்தார், செயலை மறுக்கவில்லை. பதவியேற்பைத் தடுக்க எவரையும் திரட்டவில்லை. வழக்கு மன்றத்தையும் வாக்காளர் பட்டியலையும் நாடிச் சென்றார். தேர்தல் முறையில் குறை கண்டவர் செய்யத்தக்கது அதுவே.

செயல் ஒன்று, மனம் வேறு என்பதற்கு இதற்கு நேர்மாறான சான்றும் உண்டு. 1860ஆம் ஆண்டுத் தேர்தலில் லிங்கனை எதிர்த்து நின்றோருள் ஒருவர் ஜான் பிரெக்கின்ரிட்ஜ். அவர் அப்போது துணை அதிபர். 1861 பிப்ரவரி 13ஆம் நாள், லிங்கனுக்கு 180, தமக்கு 72 என்று எண்ணி, லிங்கன் தேர்ந்தெடுக்கப்பட்டார் என அறிவித்தார். ஒரு பிழையும் இல்லாத கடமை. அவரே அவ்வாண்டு முடிவதற்குள் பிரிவினைப் படையில் சேர்ந்து லிங்கனின் அரசுக்கு எதிராக வாளேந்தினார். செனட் சபை அவரை விலக்கியது. புறச்செயலைத் திரவியம் என்றும், அகநிலையைப் பாவம், அதாவது பாவனை, என்றும் பிரித்துப் பேசுவது நம் வீடுகளில் பெரியோர் வாயிலாகக் கேட்டுப் பழகியதே. அவ்வளவுகோலால் அளந்தால் பிரெக்கின்ரிட்ஜின் பிப்ரவரிச் செயலுக்கு நற்பயன் ஏதும் எழுதிவைக்க முடியாது போலும். ஆனால் அரசியலில் அச்செயலுக்கு முழு மதிப்பு உண்டு. அன்று அவர் எண்ணிக்கையைக் குலைத்திருந்தால் லிங்கன் பதவியேற்பதே இடர்ப்பட்டிருக்கும். உயிரின் கணக்கும் ஊரின் கணக்கும் ஒரே ஏட்டில் எழுதப்படுவதில்லை என்பதை நம் மாணவி ஏற்றுக்கொள்ள வேண்டும் என எழுதினேன்.

நிக்ஸனைப் பற்றியும் ஒரு சொல். 1960இல் கென்னடியிடம் தோற்றபோது, ஹவாய் மாநிலத்தின் மூன்று தேர்வாளர் வாக்குகள் முதலில் 141 மக்கள் வாக்கு வேறுபாட்டில் நிக்ஸனுக்கு என்று சான்றளிக்கப்பட்டன. மறு எண்ணிக்கையில் கென்னடி 115 வாக்கு முந்தினார். அவைக்கு இரண்டு விதமான சான்றுகள் வந்து சேர்ந்தன. தலைமை வகித்த நிக்ஸன், கென்னடிக்குரிய சான்றையே எண்ணச் செய்தார். பின்னாளில் வாட்டர்கேட் ஊழலில் பதவி இழந்தவர் என்றே நாம் அறிந்திருக்கும் மனிதரின் வாழ்வில் இப்படியும் ஒரு நாள் இருந்தது.

இனி, எல்லோரும் எதிர்பார்க்கும் 2020க்கு வருகிறேன். மாணவி நேர்மையோடு கேட்டிருந்தாள்: "ட்ரம்ப் தாம் வென்றதாகவே மனமார நம்பியிருந்தால், அவர் தோல்வியை ஏற்க மறுத்தது வாய்மைதானே?"

மனமார நம்புவதால் ஒரு செய்தி உண்மையாகிவிடாது என்பது குழந்தைக்கும் தெரியும். ஆனால் இதில் அதனினும் நுட்பமான ஒன்று இருக்கிறது. நம்புகிறவனுக்கு, தன் நம்பிக்கையைச் சோதித்தறியும் கடமையும் உண்டு. அந்தச் சோதனை அங்கே நடந்தது. அறுபதுக்கும் மேற்பட்ட வழக்குகள் தொடுக்கப்பட்டன. ஏறத்தாழ அனைத்தும் தோற்றன. தீர்ப்பளித்தோரில் அவரே நியமித்த நீதிபதிகளும் இருந்தனர். முடிவை மாற்றத்தக்க அளவில் மோசடி எதனையும் காணவில்லை என்று அவருடைய அமைச்சரவையிலேயே இருந்த தலைமை வழக்கறிஞர் வில்லியம் பார் டிசம்பர் 1ஆம் நாள் கூறினார். ஜார்ஜியாவில் வாக்குகள் மும்முறை எண்ணப்பட்டன. அவற்றுள் ஒருமுறை சுமார் 50 லட்சம் சீட்டுகளையும் கையாலேயே எண்ணினர். மூன்று முறையும் பைடனே முந்தினார். இறுதி வேறுபாடு 11,779. 2021 ஜனவரி 2ஆம் நாள் ட்ரம்ப் அம்மாநிலச் செயலர் பிராட் ராஃபன்ஸ்பெர்கரைத் தொலைபேசியில் அழைத்து, 11,780 வாக்குகளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றார். வேறுபாட்டைவிட ஒன்று கூடுதல்! உண்மையைத் தேடுகிறவன் தேடுவதற்கு முன்பே விடையின் எண்ணிக்கையை எப்படி அறிவான்? இக்கேள்விக்கு மாணவியிடமிருந்து மறுப்பு வரவில்லை. ராஃபன்ஸ்பெர்கர் ட்ரம்ப்பின் கட்சியைச் சேர்ந்தவர், ட்ரம்ப்புக்கே வாக்களித்தவர். அவர் இணங்கவில்லை.

நான்கு நாள் கழித்து நடந்ததை உலகம் கண்டது. துணை அதிபர் மைக் பென்ஸ், வாக்குகளைத் தாமாக ஒதுக்கும் அதிகாரம் தமக்கு இல்லை என்று எழுத்தால் அறிவித்துவிட்டு அவைக்குச் சென்றார். அவரைத் தூக்கிலிட வேண்டும் என்று முழங்கிய கூட்டம் மாளிகைக்குள் புகுந்தது. அவையினர் ஒளிந்திருந்து, மாலையில் மீண்டும் கூடி, விடியலுக்கு முன் எண்ணி முடித்தனர். 2022 டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டம், துணை அதிபரின் பணி வெறும் சடங்கே என்பதைத் தெளிவாக்கியது. மறுப்பு எழுப்ப ஒவ்வொரு சபையிலும் ஐந்தில் ஒரு பங்கினர் வேண்டும் எனவும் விதித்தது. 2024இல் ட்ரம்ப் மீண்டும் நின்று, மக்கள் வாக்கிலும் ஏறத்தாழ 23 லட்சம் முந்தி வென்றார். 2025 ஜனவரி 20ஆம் நாள் பதவியேற்றவுடன், அந்தக் கலகத்தின் பொருட்டு வழக்குக்கு உள்ளான ஏறத்தாழ 1,500 பேருக்கு மன்னிப்பு வழங்கினார். மன்னிப்பு என்பது உயரிய சொல்தான். தாக்குண்ட காவலர்கள் வழங்க வேண்டியதை வேறொருவர் வழங்கினால் அதனை எப்பெயரால் அழைப்பது என்று எனக்கு விளங்கவில்லை.

மாணவியின் வினாக்களுள் என்னை உண்மையில் வருத்தியது வேறு. "தோல்வியை ஏற்பது எப்போதுமே நல்லதா?" என்று கேட்டு, 1876ஆம் ஆண்டைச் சுட்டியிருந்தாள். நன்றாகப் படிக்கிறாள் என மகிழ்ந்தேன். அத்தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் டில்டன் மக்கள் வாக்கில் முந்தினார். தேர்வாளர் வாக்கில் 184 உறுதியாக இருந்தது. இன்னும் ஒன்று போதும். தென் மாநிலங்கள் மூன்றிலும், ஒரேகானில் ஒரு வாக்கிலும் பூசல். பதினைந்து பேர் கொண்ட குழு ஒன்று அமைத்தனர். அது எட்டுக்கு ஏழு என்று, கட்சிக் கணக்கு மாறாமல், பூசலுக்குரிய அத்தனை வாக்குகளையும் ஹேய்ஸுக்கே அளித்தது. 185க்கு 184. டில்டன் அமைதியாக ஒதுங்கினார், இரத்தம் சிந்தவில்லை.

பார்வைக்கு அழகிய முடிவு. ஆனால் 1877 ஏப்ரலில், லூசியானாவிலும் தென் கரோலினாவிலும் அரசு மாளிகைகளைக் காத்து நின்ற மத்தியப் படைகள் விலக்கப்பட்டன. தோற்ற கட்சி அமைதி காப்பதற்குக் கொடுக்கப்பட்ட விலை அது என்றே வரலாற்றாசிரியர் பலர் கூறுவர். அடிமைத்தளையினின்று விடுபட்டுப் பன்னிரண்டே ஆண்டுகள் ஆன கறுப்பின மக்கள் காவலின்றி விடப்பட்டனர். அவர்தம் வாக்குரிமை சிறிது சிறிதாகப் பறிக்கப்பட்டது. அதனை மீட்டுத் தந்த சட்டம் 1965இல்தான் வந்தது. எண்பத்தெட்டு ஆண்டுகள்! டில்டனும் ஹேய்ஸும் பெருந்தன்மையாக நடந்துகொண்டனர். அதற்கான பணம் வேறொருவர் பையிலிருந்து எடுக்கப்பட்டது.

எனவே, தோல்வியை ஏற்றல் எங்கும் எப்போதும் அறம் என்று என்னால் எழுத இயலவில்லை. தனக்கு வரவேண்டிய பதவியைத் துறப்பவன் தன்னுடையதைத் துறக்கிறான். பிறருடைய உரிமையையும் சேர்த்துக் கையெழுத்திட்டுக் கொடுப்பவன் துறவி அல்லன். கோர் இழந்தது கோருடையதா, புளோரிடாவில் எண்ணப்படாத சீட்டுகளை இட்டவர்களுடையதா என்று மாணவி கேட்டால், இரண்டும்தான் என்றே சொல்வேன். அந்த ஜனவரியில் எழுந்து நின்ற கறுப்பின உறுப்பினர்கள் இதனை அறிந்தே எழுந்தனர் என எண்ணுகிறேன். அவர்கள் எழுந்ததும் தகும். அவர் அமரச் சொன்னதும் தகும். இதற்குமேல் இம்முடிச்சை என்னால் அவிழ்க்க முடியவில்லை.

ஏற்க மறுப்பதற்கும் இதே கணக்கு உண்டு. நான் பணியில் இருந்த காலத்தில் ஆசிரியைகள் பலரைப் போலத் தேர்தல் பணிக்குச் சென்றிருக்கிறேன். முன்பின் அறியாத ஊர்ப் பள்ளியில் இரவு தங்கி, விடியலில் வாக்குப்பெட்டியைத் திறந்து வெறும் பெட்டி என்று முகவர்களுக்குக் காட்டி, மாலையில் அரக்கு முத்திரை வைத்து, சீட்டுக் கணக்கு ஒட்டும்வரை எழுந்திருக்க மாட்டோம். ஒரு சீட்டுக் குறைந்தாலும் நெஞ்சு பதறும். அந்நினைவு உள்ளவளாதலின், அட்லாண்டா நகரில் 2020ஆம் ஆண்டு வாக்கு எண்ணிய ஒரு தாயையும் மகளையும் பற்றிய செய்தியை என்னால் எளிதில் கடக்க முடியவில்லை. கறுப்பினத்தவர்; தேர்தல் நாள்களில் எண்ணும் பணி செய்தவர்கள். அவர்கள் பணிபுரிந்த காட்சிப் பதிவைக் காட்டி, பைடனுக்காகக் கள்ள வாக்குகளைச் சேர்த்தனர் என்றும், கணினித் தகவல் கருவியைக் கைக்குக் கை மாற்றினர் என்றும் நியூயார்க்கின் முன்னாள் மேயர் ரூடி ஜூலியானி கூறினார். ட்ரம்ப் அந்தத் தாயின் பெயரை ராஃபன்ஸ்பெர்கருடன் பேசிய அதே தொலைபேசி உரையாடலில் பலமுறை சொன்னார். கொலை மிரட்டல்கள் குவிந்தன. மத்தியப் புலனாய்வுத் துறையின் அறிவுரைப்படி தாய் ஏறத்தாழ இரண்டு மாதம் வீட்டைவிட்டு வெளியேறி வாழ நேர்ந்தது. மகள் வேலையை விட்டாள். 2023 டிசம்பரில் நடுவர் குழு ஜூலியானி அவர்களுக்கு 14 கோடியே 80 லட்சம் டாலர் இழப்பீடு தரவேண்டும் என்றது.

2022 ஜூனில் பிரதிநிதிகள் சபையின் விசாரணைக் குழுமுன் மகள் சாட்சி சொன்னாள். அந்தக் காட்சிப் பதிவில் உன் தாய் உன் கையில் கொடுத்தது என்ன என்று கேட்டனர். இஞ்சி மிட்டாய் என்றாள்.